நிறுவப்படாத அப்பா

பதினோரு நாள் லீவில் ஊருக்கு வந்து இறங்கிய மயில்சாமியைத் தோள் பையை இறக்கக்கூட விடாமல் ஒரு பதிவுத்தபால் வரவேற்றது. அவர் நல்லவர் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. பச்சையாக அப்படி எழுதிவிடவில்லை, படித்தவர்கள் எழுதுகிற மாதிரி எழுதியிருந்தார்கள்.

"தங்கள் மகள் யுவஸ்ரீ, ஒன்பதாம் வகுப்பு, எழுதிய கட்டுரையில் 'என் தந்தை நல்லவர்' என்ற மையக்கருத்து போதிய துணை விவரங்களால் நிறுவப்படவில்லை. எனவே அக்கருத்து தள்ளுபடி செய்யப்படுகிறது. ஏழு நாட்களுக்குள் தக்க விவரங்களுடன் நேரில் வரவும். தவறினால் மாணவி தாமாகவே முன்வந்து மாற்றுச்சான்றிதழ் பெற்றுக்கொண்டதாகக் கருதப்படும்."

மயில்சாமி இரண்டு தடவை படித்தார். கடைசி வரி மட்டும் நன்றாகப் புரிந்தது. பிள்ளையை வெளியே அனுப்பப் போகிறார்கள்.

அவருக்கு ஊர் ஜேடர்பாளையம் பக்கம். இருபது வருஷமாகத் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த வண்டியோடு வருஷத்தில் பத்து மாசம் மத்தியப்பிரதேசம், சத்தீஸ்கர் என்று எவன் காட்டிலோ பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். தன் மகளாவது நிழலில் உட்கார்ந்து நாலெழுத்து படிக்கட்டும் என்றுதான் நாமகிரிப்பேட்டை ரோட்டில் இருக்கிற மேதைக்குன்று உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்த்திருந்தார். பத்தாவதில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டுகிற பள்ளி. எப்படிக் காட்டுகிறார்கள் என்றால், தேற மாட்டான் என்று தோன்றுகிற பிள்ளையை ஒன்பதாவதிலேயே தாமாக முன்வர வைத்துவிடுவார்கள்.

நல்லவர் என்பதற்கு என்ன கொண்டுபோவது என்று மயில்சாமிக்குத் தெரியவில்லை. ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம், கிராம நிர்வாக அலுவலரிடம் கெஞ்சி வாங்கிய ஒரு சான்று, மூன்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பச்சை மை கையெழுத்து இருந்தால் எதுவும் செல்லும் என்பது அவர் அனுபவம்.

பள்ளி கேட்டில் வாட்ச்மேன் சின்னுசாமி ஒரு படிவத்தை நீட்டினார். வருகையின் மையக்கருத்து என்று ஒரு கோடு, கீழே துணை விவரங்கள் என்று எண் போட்டு மூன்று கோடு. மயில்சாமி முதல் கோட்டில், மகளைப் பார்க்க வந்தேன் என்று எழுதிவிட்டு நின்றார். மகளைப் பார்க்க வருவதற்குத் துணைக்கு என்ன விவரம் வேண்டிக்கிடக்கிறது? மூணு எழுதாமல் கேட் திறக்காதுங்க என்றார் சின்னுசாமி. நேற்று ஒருத்தர் மகனுக்குக் காய்ச்சல் என்று ஓடிவந்தாராம். இரண்டு விவரம் எழுதிவிட்டார். மூன்றாவது கிடைக்காமல் அந்தப் புளியமரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்து யோசித்தாராம்.

மயில்சாமி எழுதினார். ஒன்று, பஸ்ஸில் வந்தேன். இரண்டு, காலையில் சாப்பிடவில்லை. மூன்று, வெயில் அதிகம். சின்னுசாமி படிவத்தை வாங்கி, ஒவ்வொரு வரியின் மேலும் விரலை வைத்து எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்தார்.

"நான் படிக்கறதில்லீங்க. எண்ணறதோட செரி" என்றார்.

உள்ளே போகிற வழியில் ஒரு வகுப்பறை. அறுபது பிள்ளைகள் எழுந்து நின்று, மேலும், அதுமட்டுமல்லாமல், ஆகவே என்று ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தார்கள். மேலும் என்னவென்று யாரும் சொல்லவில்லை. அதுமட்டுமல்லாமல் வேறென்ன என்றும் சொல்லவில்லை. அந்த மூன்று சொல்லை மட்டும் முக்கால் மணி நேரம் சொல்வதுதான் அன்றைய பாடம் என்று கூட வந்த பியூன் விளக்கினார்.

கருத்து வளர்ச்சித் துறை என்று பலகை போட்ட குளிர்ந்த அறையில் துறைத் தலைவர் ஜெகதீஸ்வரன் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத ஆள். மயில்சாமி நீட்டிய ரேஷன் கார்டை இரண்டு விரலால் தள்ளிவைத்தார். பச்சைக் கையெழுத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"கட்டுரைன்னா என்னங்க? ஒரு மையக்கருத்து, மூணு துணை விவரம், ஒரு முடிவுரை. நாலாவது விவரம் வந்துட்டா அது கட்டுரை இல்லீங்க, புலம்பல். ரெண்டோட நின்னுட்டா சோம்பேறித்தனம். சிந்திக்கற பிள்ளைங்களை உருவாக்கறதுதான் எங்க லட்சியம். அதனாலதான் அவங்க என்ன சிந்திக்கணும்ங்கறதை நாங்களே முன்கூட்டிச் சிந்திச்சு, எண் போட்டு வச்சிருக்கறோம். உங்க பொண்ணு பாருங்க, சொந்தமா விவரம் எழுதியிருக்குது."

சொந்தமா என்ற சொல்லை, சோற்றில் கிடந்த முடியை எடுத்துக் காட்டுகிற மாதிரி சொன்னார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். யுவஸ்ரீயின் கையெழுத்து. மேலே சிவப்பு மையில் கோடு கோடாக இழுத்திருந்தது.

மயில்சாமி அதை எடுத்து மெதுவாகப் படித்தார்.

'என் தந்தை நல்லவர். அவர் ஊருக்கு வந்து முதல்நாள் தலைக்கு ஊற்றிக்கொள்ளும்போது நான்கு சொம்புத் தண்ணீர் வரைக்கும் வெள்ளையாக ஓடும். அது கல்தூள். ஐந்தாவது சொம்பில்தான் அப்பா தெரிவார். மேலும், எங்கேயாவது தண்ணீர் வந்துவிட்டால் உடனே எனக்குப் போன் செய்து, போனைக் குழாய்ப் பக்கம் காட்டுவார். எந்த ஊர் என்று தெரியாத தண்ணீரின் சத்தத்தை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அதுமட்டுமல்லாமல், அவருக்கு இடது காது கேட்காது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். அதனால் நான் எப்போதும் அவருக்கு வலது பக்கமாகவே நடப்பேன்.'

மயில்சாமி கடைசி வரியை இன்னொரு தடவை படித்தார். இடது பக்கம் ஓயாமல் இரைகிற கம்ப்ரஷரை வைத்துக்கொண்டு இருபது வருஷம் நின்றவருக்குக் காது கேட்காமல் போனதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் ரிக் ஆபீசுக்குத் தெரிந்தால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று கட்டின மனைவியிடம்கூட அவர் வாயைத் திறந்ததில்லை. இந்தப் பிள்ளை எப்போது கவனித்தது? சந்தைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் ஓடிவந்து வலது கைப்பக்கம் ஒட்டிக்கொள்வாள். சின்ன வயதிலிருந்து பழக்கம் என்றல்லவா நினைத்திருந்தார்.

அந்த வரியின் பக்கத்தில், தேவையற்ற விவரம், கருத்தைத் தாங்கவில்லை என்று சிவப்பில் எழுதியிருந்தது.

"இது நெசமுங்க" என்றார் மயில்சாமி.

"நெசமா பொய்யாங்கறது எங்க துறை இல்லீங்க" என்றார் ஜெகதீஸ்வரன், ரொம்பப் பொறுமையாக. "தாங்குதா தாங்கலையாங்கறதுதான் எங்க துறை. காது கேக்காதது எப்படிங்க நல்ல குணமாகும்? அது ஊனம். குளிச்சா அழுக்குப் போகுதுங்கறீங்க. எல்லாருக்கும்தான் போகும். போன்ல தண்ணி சத்தம் கேட்டா நல்லவரா? அப்படிப் பார்த்தா குடிநீர் வாரியமே நல்லவங்கதானுங்க."

தன் பேச்சை ரசித்து அவரே சிரித்துக்கொண்டார். மயில்சாமி காலையில் சாப்பிடாதது நல்லதாகப் போயிற்று.

அந்தத் தாளையாவது கொடுங்கள், நான் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டார். அது விதியில் இல்லை. தள்ளுபடியான கட்டுரைகள் சனிக்கிழமைதோறும் மூட்டை கட்டி, முட்டை அடுக்குகிற அட்டை செய்கிற மில்லுக்குப் போய்விடும். பிள்ளைகள் எழுதிய எதுவும் வீணாவதில்லை என்று பெருமையாகச் சொன்னார் ஜெகதீஸ்வரன். தாளை வாங்கி மறுபடி இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, விவரப் பெட்டகத்துக்குப் போகச் சொன்னார்.

பெட்டகம் என்பது சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள் வைத்த ஒரு அறை. தந்தை, தாய், மழை, பசு, சுற்றுலா என்று சீட்டு ஒட்டியிருந்தது. அதற்குப் பொறுப்பு ஞானமேரி என்கிற அம்மா, சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர். தந்தை இழுப்பறையைத் திறந்து மூன்று அட்டைகளை எடுத்துக் கொடுத்தார். விவரம் எண் பதினாலு, என் தந்தை அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து செய்தித்தாள் வாசிப்பார். எண் இருபத்திரண்டு, தினந்தோறும் மாலையில் என் பாடங்களைக் கேட்டறிவார். எண் முப்பத்தொன்று, ஞாயிறுதோறும் என்னை நூலகத்துக்கு அழைத்துச் செல்வார்.

பள்ளியில் படிக்கிற ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளுக்கும் இதே அப்பாதானா என்று மயில்சாமி கேட்டார். ஆமாங்க, திருத்துவதற்குச் சுலபம் என்றார் ஞானமேரி. அந்த அம்மாவுக்கு முகத்தில் ஒரு சலிப்பு இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னும் இரண்டு சங்கதி சொன்னார். போன வருஷம் ஒரு மஞ்சள் விவசாயியின் மகன் மழைக் கட்டுரையில், களத்தில் காயப்போட்ட மஞ்சள் நனைந்து அப்பா அழுதார் என்று எழுதிவிட்டானாம். மழை இழுப்பறையில் இருப்பதோ விவசாயிகள் மகிழ்வர் என்ற அட்டை. அந்த விவசாயியை வரவழைத்து, நான் மகிழ்ந்தேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள்.

"அதுகூடப் பரவால்லீங்க. அம்மா இல்லாத புள்ள ஒன்னு வந்துச்சு. இறந்துபோன அம்மாவுக்கு இங்க இழுப்பறை கிடையாது. காலையில காப்பி கொடுத்து எழுப்புவார்னு எழுதச் சொன்னாங்க. அந்தப் புள்ள எழுதுச்சு. பத்துக்குப் பத்து" என்றார்.

சொல்லிவிட்டு இழுப்பறையைச் சாத்தினார். கருமம் பிடித்த வேலை, மாசத்தை ஓட்டவேண்டியிருக்கிறது என்று அவர் முணுமுணுத்தது மயில்சாமியின் நல்ல காதில் விழுந்தது.

அட்டை மூன்றையும் வாங்கிவிட்டால் முடிந்ததா? முடியவில்லை. தகப்பன் நேரில் வந்தால் சான்றுப் படம் எடுக்கவேண்டும் என்று ஒரு விதி. பக்கத்து அறையில் ஏழெட்டு அப்பன்மார்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு கோழிப்பண்ணைக்காரர், ஒரு போலீஸ்காரர், லாரிப் பட்டறைக்காரர் ஒருத்தர். சுவரில் புத்தக அலமாரி மாதிரி அச்சடித்த பிளக்ஸ், அதற்கு முன்னால் ஒரு நாற்காலி, ஒரு செய்தித்தாள். எல்லா அப்பன்மாருக்கும் ஒரே செய்தித்தாள்தான். தேதியைப் பார்த்தால் நாலு வருஷத்துக்கு முந்தியது. அதைவிடக் கொடுமை, சட்டையும் ஒன்றுதான். நல்ல தந்தை நீலநிறச் சட்டை அணிவார் என்று துறை முடிவு செய்திருந்தது. பண்ணைக்காரர் கழற்றிக் கொடுக்க, போலீஸ்காரர் போட்டுக் கழற்ற, அது மயில்சாமியின் கைக்கு வரும்போது கழுத்தும் அக்குளும் சொதசொதவென்று ஈரமாக இருந்தது. நாலு பேர் வேர்வை ஒன்றாகச் சேர்ந்து வாடை அடித்தது.

அதை வீசிவிட்டுப் போய்விடலாமா என்று நினைத்தார். ஒன்பதாவதோடு பிள்ளை நின்று, பார்க்கிறவர்கள் எல்லாம் அந்தப் பள்ளியில் தள்ளிவிட்ட பிள்ளை என்று சொல்லப் போவதை நினைத்தார். மூச்சை அடக்கிக்கொண்டு மாட்டிப் பட்டனைப் போட்டார். படம் எடுக்கிறவன் வந்து, முகம் பளிச்சென்று இருக்கட்டும் என்று பவுடரை அள்ளி அப்பினான். வருஷம் முழுக்கக் கல்தூளில் வெள்ளையாகி வருகிறவரைப் பவுடரில் வெள்ளையாக்கி, செய்தித்தாளைக் கையில் திணித்து, அஞ்சு மணி ஆனமாதிரிப் பாருங்க என்றான். மயில்சாமி அஞ்சு மணி ஆனமாதிரிப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் மகளைக் காட்டினார்கள். ஐந்து நிமிஷம். யுவஸ்ரீ மெலிந்திருந்தாள். வந்ததும் வலது பக்கமாக வந்து நின்றாள். மயில்சாமிக்கு இப்போது அதன் அர்த்தம் தெரிந்திருந்ததால் அவளை நேராகப் பார்க்க முடியவில்லை. அட்டைகளைக் கொடுத்து, இதைப் பார்த்து எழுதிவிடு சாமி, ஒன்றரை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் பத்தாவது முடிந்துவிடும் என்றார்.

"நான் எழுதுனது தப்புங்களாப்பா?"

"தப்பில்ல சாமி."

"அப்பறம் ஏனுங்க மாத்தி எழுதோணும்?"

மயில்சாமி பவுடர் முகத்தோடு பஸ் ஏறினார்.

நாலாம் நாள் பள்ளியிலிருந்து போன் வந்தது. யுவஸ்ரீயின் திருத்திய கட்டுரை முதல் பரிசு பெற்றிருக்கிறதாம். இரண்டு நாள் கழித்து மதியம் ஆண்டுவிழா, தந்தை கட்டாயம் வரவேண்டுமாம். தள்ளுபடியான ஒரு தந்தை ஒரே வாரத்தில் நிறுவப்பட்டது பள்ளி வரலாற்றில் இதுவே முதல் முறை என்று ஜெகதீஸ்வரனே பேசினார்.

விழா அன்று மேடையில் தாளாளர் குணசீலன் பொன்னாடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அவர் பேசும்போது பந்தல் கம்பங்கள் அதிர்ந்தன. இந்தப் பள்ளியில் எந்த மாணவனும் எந்த மாணவனைவிடவும் வித்தியாசமாக எழுதுவதில்லை, அதுவே சமத்துவம் என்றார். உண்மை ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் விவரம் எண் பதினாலு மாறாது என்றார். கைதட்டினார்கள். இப்படி ஒரு பேச்சை வெட்கமில்லாமல் பேச ஒருத்தர், அதற்குக் கைதட்ட ஆயிரம் பேர், அத்தனை பேரும் பெற்றவர்கள். த்தூ என்று துப்பலாம் என்றால் பந்தலுக்குள் துப்ப இடமில்லை.

யுவஸ்ரீ வந்து கட்டுரையை ஒப்பித்தாள். தாளைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. என் தந்தை அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து செய்தித்தாள் வாசிப்பார். மேலும் தினந்தோறும் மாலையில் என் பாடங்களைக் கேட்டறிவார். அதுமட்டுமல்லாமல் ஞாயிறுதோறும் என்னை நூலகத்துக்கு அழைத்துச் செல்வார். ஆகவே என் தந்தை நல்லவர். பின்னால் திரையில் நீலச்சட்டைப் படம் தெரிந்தது. மயில்சாமி அந்த ஆளைப் பார்த்தார். யார் அப்பனோ தெரியவில்லை. தன் பிள்ளையின் வாயிலிருந்து அந்த ஆள் வந்துகொண்டே இருக்க, இதை அவள் வாயில் ஊட்டிவிட்டதே நான்தானே என்று அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

குணசீலன் எழுந்து மைக்கைப் பிடுங்கினார். வாழும் துணை விவரம் நம்மிடையே இருக்கிறார் என்று அறிவித்து, மயில்சாமியை மேடைக்கு இழுத்து, இடது பக்கமாகத் தோளில் கைபோட்டு நிறுத்தி, அந்தக் காதருகே மைக்கை வைத்து ஏதோ கேட்டார். ஒலிபெருக்கி இரைந்தது. மயில்சாமிக்குக் கம்ப்ரஷர் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்டது. முழித்தார். குணசீலன் இன்னும் சத்தமாகக் கேட்டார். பந்தலில் சலசலப்பு. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜெகதீஸ்வரன் எழுந்து நின்று ஐந்து விரலை விரித்துக் காட்டினார்.

பரிசு வாங்கும் பிள்ளைகள் நிற்பதற்கென்று மேடையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். யுவஸ்ரீ அந்த வட்டத்தைவிட்டு வெளியே வந்தாள். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நடந்துவந்து, வலது பக்கம் நின்று, எக்கிக் காதில் சொன்னாள்.

"தெனம் அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் பேப்பர் படிப்பீங்களான்னு கேக்கறாங்கப்பா."

மயில்சாமி அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் மறுபடி எக்கிக் கேட்டாள்.

"ஊட்டுக்குப் போலாமுங்களா?"

குணசீலன் மைக்கை அவர் வாயருகே நீட்டியிருந்தார். ஆம் என்று ஒரு சொல் சொன்னால் பத்தாவது உறுதி. ஆறு நாளாக அந்தச் சொல்லைத்தான் அவர் மென்று பழகியிருந்தார். அது வரவில்லை.

"வா சாமி. போலாம்" என்றார். பந்தல் முழுக்க அது கேட்டது.

இருவரும் படியிறங்கினார்கள். குணசீலன் சுதாரித்துக்கொண்டார். பாருங்கள், மாலை நேரமாகிவிட்டது, மகளிடம் பாடம் கேட்பதற்காக ஆண்டுவிழாவையே விட்டுப் போகிறார் ஒரு தந்தை, விவரம் எண் இருபத்திரண்டு நம் கண்முன்னே நடக்கிறது என்று முழங்கினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மயில்சாமி திரும்பிப் பார்க்கவில்லை. யுவஸ்ரீ விடுதிக்குள் ஓடிப் பெட்டியை எடுத்துவந்தாள். ஜேடர்பாளையம் பக்கத்து அரசாங்கப் பள்ளியில் நடுவில் சேர்ப்பார்களா என்று அவர் யோசித்தார். சேர்ப்பார்கள், இல்லையென்றால் போய்க் காலில் விழலாம். இங்கே விழுந்ததைவிட அது மரியாதையாக இருக்கும்.

கேட்டில் சின்னுசாமி வெளியேறும் படிவத்தை நீட்டினார். மயில்சாமி மையக்கருத்தில், என் மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று எழுதினார். அதற்குமேல் கை ஓடவில்லை. மூணு வேணுமுங்க, இல்லாட்டி கேட் திறக்க முடியாது என்றார் சின்னுசாமி, வருத்தத்தோடு. பந்தலில் அடுத்த பிள்ளையின் தந்தை அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்துகொண்டிருந்தார்.

யுவஸ்ரீ பேனாவை வாங்கினாள். பெட்டியின் மேல் படிவத்தை வைத்து, எண்களுக்கு நேராக நிதானமாக எழுதினாள்.

1. இவர் என் அப்பா.
2. இவர் என் அப்பா.
3. இவர் என் அப்பா.

சின்னுசாமி வாங்கி, ஒவ்வொரு வரியின் மேலும் விரலை வைத்தார்.

"மூணு இருக்குதுங்க" என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் யுவஸ்ரீ வலது பக்கமாகவே நடந்தாள். அந்தப் படிவம் சனிக்கிழமை மற்ற மூட்டைகளோடு முட்டை அட்டை மில்லுக்குப் போனது.